பதினைந்து மணி நேர மரபு: ஒரு பாடத்திட்டத்தின் மதிப்பீடு

பொறியியல் பயிலும் மாணவனுக்கு வரலாறு எதற்கு, தமிழ் பயிலும் மாணவிக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்னும் பலர். முதல் கேள்விக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டில் ஒரு விடை தந்தது. 2021 ஒழுங்குமுறையின்கீழ்ப் பொறியியல் பயிலும் முதலாண்டு மாணவர் அனைவரும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரு பாடங்களைக் கற்க வேண்டும் என்பதே அந்த விடை. முதல் பருவத்தில் ஒன்று. இரண்டாம் பருவத்தில் மற்றொன்று. இணைவு பெற்ற கல்லூரிகளின் வாயிலாக இப்பாடங்கள் கிண்டியிலிருந்து மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன.

வாசகர்களே, இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்தோரும் உண்டு. வீண் சுமை என்று சலித்துக்கொண்டோரும் உண்டு. இரு சாராரும் பாடத்திட்டத்தை எடுத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தார்களா என்பது ஐயமே. அப்பணியை நாம் இங்கே செய்து பார்ப்போம். ஒரு நூலை மதிப்பிடுவது போலவே ஒரு பாடத்திட்டத்தையும் மதிப்பிடலாம். அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, படிப்பவரை என்ன செய்யத் தூண்டுகிறது என்னும் மூன்று கேள்விகளே நமக்கு அளவுகோல்.

பிரிவு நேர்ந்த விதம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் அதற்கும் முந்தையது. 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே அது. நெடுங்காலம் கலையும் அறிவியலும் பொறியியலும் ஒரே பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் இருந்தன. 1978இல் கிண்டிப் பொறியியற் கல்லூரி, அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம், கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து, தொழில்நுட்பத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. நிருவாக நோக்கில் அதற்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும், சென்னையின் கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே வகுப்பில் அமரும் வாய்ப்பு அத்துடன் மேலும் குறைந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இயற்பியல் பயின்றவரும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்நோ, 1959இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய 'இரு பண்பாடுகள்' என்னும் உரையில், இலக்கியவாணரும் அறிவியலாரும் ஒருவர் மொழி ஒருவர்க்குப் புரியாத நிலையை அடைந்துவிட்டனர் என்று எச்சரித்தார். அதே 1959இல்தான் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகம் 2006இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பைத் தொடங்கி, மனிதவியலுக்கும் தன் வாயிலைத் திறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எந்தத் துறை மாணவரும் மனிதவியல், கலை, சமூக அறிவியல் பாடங்களில் எட்டினை முடித்தாலன்றிப் பட்டம் பெற இயலாது. இவற்றோடு ஒப்பிட்டால், அண்ணா பல்கலைக்கழகத்தின் முயற்சி காலந்தாழ்ந்தது, எனினும் தேவையானது.

பாராட்ட வேண்டியவை

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தின் ஐந்து அலகுகள் இவை: நெசவும் பானைத் தொழிலும், வடிவமைப்பும் கட்டுமானமும், உற்பத்தித் தொழில்நுட்பம், வேளாண்மையும் நீர்ப்பாசனமும், அறிவியல் தமிழும் கணித்தமிழும். 'தொழில்நுட்பம்' என்றவுடன் நீராவி எந்திரத்தையும் கணிப்பொறியையும் மட்டுமே எண்ணும் மாணவனுக்கு, தறியும் சூளையும் மதகும் தொழில்நுட்பமே என்று இப்பாடம் சொல்கிறது. குயவரும் கொல்லரும் தச்சரும் பல்கலைக்கழகப் பாடத்தில் இடம்பெறுவது சிறிய செய்தியன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிற்பிகளின் பிள்ளைகள் பொறியியல் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, தந்தையின் உளியும் ஒரு பாடப்பொருள் என்று அறிவது நல்லதே.

சான்று என்றால் என்ன என்பதைக் கற்பிக்கவும் இப்பாடங்களில் வாய்ப்பு இருக்கிறது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ளது. சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட ஒரு பெயர் பாறையிலும் கிடைத்தது. அசோகரின் கல்வெட்டுகள் குறிப்பிடும் 'சத்தியபுத்திரர்' யார் என்னும் நெடுநாள் கேள்விக்கும் அதிலிருந்து விடை பிறந்தது. எழுத்தின் வடிவம், மொழி, பெயர், இடம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து முடிவுக்கு வரும் இம்முறை, நம் ஆய்வகத்தில் அளவீடுகளைச் சரிபார்க்கும் முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மனிதவியல் என்பது வெறும் கருத்துரை என்று எண்ணும் அறிவியல் மாணவர்க்கு இது நல்ல மருந்து.

பட்டியலும் கேள்வியும்

இனிக் குறைகளுக்கு வருவோம். ஒவ்வொரு பாடத்திற்கும் ஒதுக்கப்பட்டது 15 மணி நேரம். ஓர் அலகுக்கு 3 மணி. கிடைப்பது ஒரு கிரெடிட். இந்த 3 மணி நேரத்தில் வேளாண் அலகு எதையெல்லாம் அடக்க முயல்கிறது தெரியுமா? அணை, ஏரி, குளம், மதகு, சோழர் காலக் குமிழித்தூம்பு, கால்நடை, கிணறு, உழவு, மீன்வளம், முத்துக்குளித்தல், கடலறிவு! ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் தேறும். கால் மணி நேரத்தில் பெயரைச் சொல்லலாம்; பொருளைக் கற்பிக்க இயலாது. இப்பாடத்திட்டத்தின் முதற் குறை இதுவே. அது பெயர்களை அடுக்குகிறது, கேள்விகளைக் கேட்கவில்லை.

குமிழித்தூம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, என்ன இழக்கிறோம் என்று காண்போம்.

குமிழித்தூம்பு ஏரிக்கரையில் அன்று, கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஏரியின் உள்ளே அமைவது. தரைமட்டத்தில் ஒரு கற்பெட்டி. அதன் மேற்பலகையில் ஒரு பெருந்துளை, அது நீரோடி. பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறுதுளைகள், அவை சேறோடி. மேலே இரண்டு கற்றூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்கும். அவற்றின் ஊடே தொங்கும் அடைப்பை உயர்த்தினால் நீர் பெட்டிக்குள் பாய்ந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கையின் வழியாக வெளியேறும். நீர் ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள நீரின் அழுத்தம் சேறோடித் துளைகள் வழியாக வண்டல் கலந்த நீரையும் உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு வண்டல் வெளியேறும் என்பது நீர்மட்டம், துளையின் அளவு, துகளின் பருமன் ஆகியவற்றைப் பொறுத்தது. எல்லா ஏரிக்கும் பொதுவாக ஒரே விழுக்காட்டைச் சொல்லிவிட இயலாது. அளந்துதான் காண வேண்டும். பாடத்திட்டமோ 'குமிழித்தூம்பின் முக்கியத்துவம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. முக்கியத்துவத்தை மனப்பாடம் செய்யலாம். ஆனால் அதனால் விளக்கம் கிடைக்காது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 17ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்ட விதிப்படி, நீர் வெளியேறும் வேகம் நீர் உயரத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமாகும். உராய்வை விடுத்துப் பார்த்தால், வெளிவாய்க்கு மேல் 4 மீட்டர் நீர் நின்றால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர். நீர் 1 மீட்டராகத் தாழ்ந்தால் வேகம் 4.4 மீட்டர். அதாவது, உயரம் காற்பங்காகக் குறைந்தாலும் வேகம் பாதியாகவே குறைகிறது. மாறாக, ஏரியில் எஞ்சும் நீரோ அவ்வாறு குறைவதில்லை. சரிவான நிலத்தில், ஆப்பு வடிவில் நீர் நிற்கும் ஏரியின் கொள்ளளவு ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆழம் காற்பங்கானால் எஞ்சும் நீர் பதினாறில் ஒரு பங்கு. நிரம்பிய ஏரி, தொடக்க வேகத்தில் 80 நாள் ஓடும் என்று கொள்ளுங்கள். ஆழம் காற்பங்கான அன்று எஞ்சிய நீர், அன்றைய வேகத்தில் 10 நாளுக்கே போதும்.

மதகைத் திறந்தால் நீர் இன்னும் வேகமாகத்தான் வருகிறது. ஆனால் ஏரி ஏறத்தாழ முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் ஓட்டம் ஏமாற்றுகிறது. எனவே மதகை எப்போது மூடுவது, எஞ்சிய பதினாறில் ஒரு பங்கு யார் வயலுக்கு என்னும் கேள்விகள் எழுகின்றன. தலைமடைக்காரருக்கா, கடைமடைக்காரருக்கா? முடிவு செய்பவர் யார்? இவற்றுக்கு டாரிசெல்லியின் விதியில் விடை கிடையாது. முறைப்பாசனம், நீர்க்கட்டியின் பணி, குடிமராமத்து, ஏரி வாரியம் ஆகியவற்றின் வரலாற்றில்தான் அது இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், பராந்தக சோழன் காலத்தில் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம் உள்ளிட்ட குழுக்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. அத்தேர்வுக்கு நிலவுடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டிருந்தன என்பதையும் அவையே கூறுகின்றன. அப்படியானால் அடைப்பை உயர்த்த நீரில் மூழ்கியவருக்கு அந்த வாரியத்தில் இடம் இருந்ததா? இக்கேள்வியைக் கேட்காமல் தூம்பின் பெருமையை மட்டும் பேசினால், பாதித் தொழில்நுட்பத்தையே கற்றவர்கள் ஆவோம். 'தமிழர்' என்னும் பொதுப்பெயர் ஒரு வகுப்பறைக்கு இனிமையாக இருக்கலாம். ஆயினும் கல்லை அடுக்கியவர் யார், நீரைப் பெற்றவர் யார், நீரின்றி நின்றவர் யார் என்னும் வேறுபாட்டை அப்பெயர் மறைத்துவிடக் கூடாது.

முடிவைச் சொல்லாத வரலாறு

உற்பத்தித் தொழில்நுட்ப அலகில் இரும்பை உருக்குதலும் எஃகும் இடம்பெறுகின்றன. நம் நாட்டு எஃகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடேயின் ஆய்வுமேசை வரை சென்றது. 1819இல் அவர் அதைப் பகுத்தாய்ந்தார். பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அந்தத் தொழில் ஏன் நின்றது? கும்பினி அதிகாரியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. பெரிய உலைக்குப் பெரிய காடு வேண்டும். முதலும் எரிபொருளும் தட்டுப்பட, அந்த ஆலையும் நிலைக்கவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்து நிலக்கரியைக்கொண்டு இரும்பை மலிவாக வார்த்துக் குவித்தது. ஊர் உலைகளும் ஒவ்வொன்றாக அவிந்தன.

வெப்பவியல், காட்டின் பரப்பு, வணிகக் கொள்கை, குடியேற்ற ஆட்சி ஆகிய நான்கையும் சேர்த்தாலன்றி இக்கதை விளங்காது. நாளைக்கு ஓர் ஆலையை அமைக்கப்போகும் பொறியாளருக்கு, ஒரு தொழில் எப்படிச் செழித்தது என்பதைவிட எப்படி அழிந்தது என்பதே பயனுள்ள பாடம். பாடத்திட்டம் செழிப்பைச் சொல்கிறது, அழிவைச் சொல்லவில்லை.

மலை எங்கே?

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரியும். கோமுகி அங்கே பிறந்துதான் கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்குகிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மலை வட்டத்தில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தார் என்று மயங்க வேண்டாம். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேச்சு தமிழே.

'தமிழர் மரபு' பாடத்தில் பழங்குடியினர் வருகிறார்கள். கைவினைப் பொருள்களைச் செய்பவர்களாக வருகிறார்கள். 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தில் அவர்களுக்குத் தலைப்பு இல்லை. கல்வராயன் மலையின் கடுக்காயை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள டானின் என்னும் பொருள், தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. துணியில் சாயம் பற்றவும் உதவுகிறது. இரும்பு உப்போடு சேர்ந்தால் கருநிறம் தருகிறது. தோல் பதனிடுதலும் சாயமேற்றுதலும் வேதியியல் அல்லவா? எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், எந்த முதிர்ச்சியில் பறிக்க வேண்டும் என்று அறிந்தவர் அறிவு தொழில்நுட்பம் ஆகாதா? சமவெளியின் கோயிலும் துறைமுகமும் தொழில்நுட்பம், மலையின் அறிவு கைவினை என்று பிரிப்பது பாடத்திட்டத்தின் இரண்டாம் குறை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து இறங்கிவரும் மாணவியும் அந்த வகுப்பில் அமர்ந்து, தன் ஊர் பாடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுவாள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஒருவழிப் பாதை

மூன்றாவது குறை, பாதை ஒரு திசையில் மட்டும் செல்வது. பொறியியல் மாணவன் மரபைக் கற்கிறான். கலை மாணவனுக்கு அறிவியலைக் கற்பிக்க இதற்கு இணையான ஏற்பாடு எங்கே? பிரிவினையின் விலையை இருசாராரும் கொடுக்கிறோம். இதற்கு நம் ஊரிலேயே கொடிய சான்று உண்டு.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நஞ்சு மெத்தனால். அது மணத்திலும் தோற்றத்திலும் சாதாரணச் சாராயத்தைப் போன்றதே. உடலில் ஒரு நொதி அதனை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; பின்னர் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் செல்களின் மூச்சை அடக்குகிறது. பார்வை நரம்பைத் தாக்குகிறது. இம்மாற்றத்திற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே இரவில் நலமாகத் தோன்றியவர் மறுநாள் கண் மங்கி வீழ்கிறார். அந்த இடைவெளியில் மருத்துவமனையை அடைந்தால், நொதியைத் தடுக்கும் ஃபோமிபிசோல் போன்ற மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கக்கூடும்.

இச்செய்தியை எழுதும் இதழாளருக்கும், வழக்காடும் வழக்கறிஞருக்கும், ஊரில் உதவும் சமூகப் பணியாளருக்கும் அந்த இடைவெளியைப் பற்றிய அறிவு வேண்டும். 'நலமாகத்தானே இருக்கிறார்' என்னும் சொல் அங்கே உயிரைப் பறிக்கும். அவர்களில் பலர் கலைப் பட்டதாரிகள். மறுபுறம், வேதியியல் மட்டும் அறிந்தவர்க்கு மற்றொரு கேள்வி விளங்காது. தொழிற்சாலைக்குரிய ஒரு கரைப்பான், ஏழைக் கூலியாளின் கைக்கு வந்து சேர்ந்த வழி எது? அவ்வழியில் வறுமை, வேலை, சட்டம், காவல் என்று எத்தனை வாயில்கள்? எந்த வாயிலை அடைத்தால் சாவு தடைபடும்? சமவாய்ப்பாடு நஞ்சைக் காட்டும். அது வந்த வழியைச் சமூக ஆய்வே காட்டும்.

தமிழைப் பற்றியா, தமிழிலா?

கடைசி அலகு அறிவியல் தமிழின் வளர்ச்சியைப் பேசுகிறது. மின்நூலகம், அகராதிகள், மென்பொருள்கள் ஆகியன அதில் அடங்கும். மகிழ்ச்சியே. ஆயினும் அறிவியல் தமிழைப் பற்றிப் படிப்பது வேறு. அறிவியலைத் தமிழில் சிந்திப்பது வேறு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அம்முயற்சிக்கும் இந்த அலகுக்கும் உயிருள்ள தொடர்பு வேண்டும். மாணவர் தம் ஆய்வக அறிக்கை ஒன்றையேனும் தமிழில் எழுதிப் பார்த்தால், 'உந்தம்', 'முடுக்கம்', 'பாகுநிலை' முதலிய சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி வழக்கிற்கு வரும். கலைச்சொற்களின் வரலாற்றை மனப்பாடம் செய்வதைவிட, நல்ல கலைச்சொல் ஒன்றைப் பிழையின்றி ஆள்வது மேல்.

செய்யத்தக்கது

வெறும் மணி நேரத்தைக் கூட்டினால் குறை தீராது. 15 மணியை 45 ஆக்கினால் பட்டியல் மூன்று மடங்காகுமே தவிர, கேள்வி பிறக்காது. மாறாக, பட்டியலைக் குறைத்து ஒரு பொருளை ஆழமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்திற்கு ஓர் ஏரி போதும். கல்லூரிக்கு அருகில் உள்ள ஏரியைத் தேர்ந்தெடுங்கள். பொறியியல் மாணவர் கயிறும் அளவுகோலும் கொண்டு மதகையும் நீர்மட்டத்தையும் அளக்கட்டும். அரசு கலைக் கல்லூரியின் வரலாற்று, தமிழ் மாணவர் கல்வெட்டையும் வருவாய்ப் பதிவையும் படிக்கட்டும். இருவரும் சேர்ந்து நீர்க்கட்டியையும் கடைமடை உழவரையும் கேட்கட்டும். இறுதியில் இருவரும் சேர்ந்தே ஓர் அறிக்கை எழுதட்டும். அளவும் சான்றும் ஒன்றையொன்று சோதிக்கும் அந்த அறிக்கைக்கே மதிப்பெண்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சென்னையிலோ இது இன்னும் எளிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் அண்ணா பல்கலைக்கழகமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதே சாலையின் எதிர்ப்புறம். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தரமணியில். இவ்வளவு அருகில் இருந்தும் ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர வழியில்லை என்றால், தடையாக நிற்பது தொலைவு அன்று. நம் பட்ட விதிகளே.

மாணவ நண்பர்களே, பல்கலைக்கழகம் மாறும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடநூல் உங்கள் கையில் இருந்தால், அதன் ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள். இது எவ்வாறு இயங்குகிறது? இதற்குச் சான்று என்ன? இதனால் பயன்பெற்றவர் யார், பெறாதவர் யார்? முதல் கேள்வி இயற்பியலுக்கு உரியது. இரண்டாவது வரலாற்றுக்கு உரியது. மூன்றாவது இருவருக்கும் உரியது. இம்மூன்றையும் கேட்கப் பழகியவருக்குப் பதினைந்து மணி நேரமும் நல்ல தொடக்கமே. கேட்காதவருக்கு அது தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும் இன்னொரு பட்டியல்.